தெருவில் எழுதிய தீர்ப்பு

நாட்டை உலுக்கும் கொலை வழக்கு ஒன்று பத்திரிகைகளின் முதற்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் போதெல்லாம், நம் சங்கத்துக்குச் சில கடிதங்கள் வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. "குற்றவாளியைத் தூக்கிலிட வேண்டுமென்று சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாகாதா?" என்று சிலர் எழுதுகிறார்கள். பிடிபட்டவர் நம்மவராக இருந்துவிட்டாலோ கடிதத்தின் திசையே மாறிவிடுகிறது. "நம் பிள்ளை ஒருநாளும் அப்படிச் செய்திருக்க மாட்டான், சங்கம் வாய் திறக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். இருவகைக் கடிதங்களையும் நாம் மரியாதையுடனேயே படிக்கிறோம். எழுதுகிறவர்களின் நெஞ்சில் உள்ள கொதிப்பு பொய்யன்று. ஆயினும் இரண்டுக்கும் நாம் இதுவரை இணங்கியதில்லை. காரணம் கேட்கும் அன்பர்களுக்கு, நாம் பிழைக்க வந்து குடியேறிய இந்த நகரிலேயே நடந்த ஒரு வழக்கை இம்மாதம் சற்று விரிவாக எடுத்துச் சொல்லக் கருதுகிறோம்.

நானாவதி வழக்கைக் கேள்விப்படாதவர் இங்கே மிகச் சிலரே இருப்பர். 2016-இல் வெளிவந்த 'ருஸ்தம்' என்னும் ஹிந்திப் படம் அதைத் தழுவியதுதான். படத்தில் கதாநாயகன் விடுதலை பெறுகிறான், மக்கள் மகிழ்கிறார்கள், திரை விழுகிறது. நாம் சொல்ல வந்தது திரை விழுந்த பிறகு நடந்தவற்றைப் பற்றியே.

1959-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27-ஆம் தேதி. கமாண்டர் கவாஸ் மானெக்ஷா நானாவதி இந்தியக் கடற்படையின் 'மைசூர்' போர்க்கப்பலில் இரண்டாம் நிலை அதிகாரி, பார்சி வகுப்பினர். அவர் மனைவி சில்வியா ஆங்கிலேய மாது. குழந்தைகள் மூவர். கப்பலிலேயே மாதக்கணக்கில் காலம் கழிக்கும் கணவர் இல்லாதபோது, பிரேம் அகூஜா என்னும் சிந்தி மோட்டார் வணிகரோடு அம்மாதுக்கு உறவு ஏற்பட்டிருந்தது. அன்று பகலுணவுக்குப் பின் அவர் அதைக் கணவரிடம் ஒப்புக்கொண்டார்.

அதன்பின் நானாவதி செய்தவற்றை வரிசையாக நோக்க வேண்டும். வழக்கின் உயிர்நாடி அந்த வரிசையில்தான் இருக்கிறது. மனைவியையும் குழந்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் மெட்ரோ திரையரங்கில் இறக்கிவிட்டார். அங்கிருந்து தம் கப்பலுக்குச் சென்றார். இரவில் தனியாக அகமத்நகருக்குக் கார் ஓட்டிச் செல்லப் போவதாகக் காரணம் சொல்லி, ஒரு ரிவால்வரையும் ஆறு தோட்டாக்களையும் வாங்கிக்கொண்டார். பழுப்பு நிறக் காகித உறைக்குள் ரிவால்வரை வைத்துக்கொண்டு அகூஜாவின் அலுவலகம் சென்றார். ஆள் அங்கில்லை. பிறகு அவர் குடியிருந்த மாடிக்குச் சென்று படுக்கையறைக்குள் நுழைந்தார். சற்று நேரத்தில் குண்டுகள் வெடித்தன. அகூஜா இறந்து கிடந்தார். நானாவதி தாமாகவே போய்ப் போலீஸாரிடம் சரணடைந்தார்.

வீட்டை விட்டுப் புறப்பட்டது பிற்பகல் ஒன்றரை மணி. கொலை நடந்தது நான்கு மணி இருபது நிமிடம். ஏறத்தாழ மூன்று மணி நேரம்! திடீரென்று மூண்ட கடுஞ்சினத்தில் அறிவிழந்து செய்த கொலைக்குச் சட்டம் சிறிது இரக்கம் காட்டும். ஆனால் திரையரங்குக்கும் கப்பலுக்கும் அலுவலகத்துக்கும் போய்வர நேரமிருந்தவருக்கு, மனம் நிதானத்துக்குத் திரும்பவும் நேரமிருந்ததா, இல்லையா? இது ஒரு கேள்வி. மற்றொன்று, "நான் கொல்லப் போகவில்லை, சில்வியாவை மணந்து குழந்தைகளையும் காப்பாற்றுவாயா என்று கேட்கவே போனேன், கைகலப்பில் ரிவால்வர் தானாக வெடித்துவிட்டது" என்று நானாவதி சொன்னது மெய்தானா என்பது. குளித்துவிட்டு இடுப்பில் துவாலையோடு வந்த அகூஜா, இறந்து கிடந்தபோதும் அதே துவாலையோடு கிடந்தார். கட்டிப் புரண்டிருந்தால் துவாலை இடுப்பில் நின்றிருக்குமா என்று அரசுத் தரப்பு வினவியது. ஒரு துவாலை, ஒரு கடிகாரம், ஒரு காகித உறை. நீதிமன்றம் எடைபோட வேண்டியிருந்தவை இத்தகைய சிறு பொருள்களே.

தெரு எடைபோட்டதோ வேறு. ருஸி கரஞ்சியா ஆசிரியராக இருந்த 'பிளிட்ஸ்' வாரப் பத்திரிகை நானாவதியின் பக்கம் வெளிப்படையாகவே நின்றது. ஒருபுறம் நாட்டைக் காக்கும் வீரன், நம்பிக்கைத் துரோகத்துக்கு ஆளான கணவன்; மறுபுறம் பணத்திமிர் பிடித்த பெண்பித்தன். இப்படி இரண்டு சித்திரங்கள் வாரந்தோறும் தீட்டப்பட்டன. கால் ரூபாய்ப் பத்திரிகை இரண்டு ரூபாய்க்கு விலைபோயிற்று என்பார்கள். நீதிமன்ற வாயிலில் கூட்டம் நெரிந்தது. நானாவதி பெயரால் விளையாட்டு ரிவால்வர்களும், அகூஜா பெயரால் துவாலைகளும் கடைவீதியில் விற்கப்பட்டன. பார்சிப் பெருமக்கள் அவருக்காகப் பெருங்கூட்டம் கூட்டினார்கள். இறந்தவர் பக்கம் பேசச் சகோதரி ஒருவரும் சிந்திச் சமூகத்தாரில் சிலருமே இருந்தனர். நாட்டுப் பிரிவினையில் வீடிழந்து வந்தவர்கள் அச்சமூகத்தார் என்பதை நாம் மறப்பதற்கில்லை. குற்றம் சாட்டப்பட்டவராவது கூண்டில் நின்று பேசலாம். செத்தவர் எந்தக் கூண்டில் நின்று தம் குணத்தைப் பற்றிச் சொல்வார்?

அந்நாளில் இத்தகைய வழக்குகளை இந்நகரில் ஜூரிகள் விசாரித்தார்கள். செஷன்ஸ் நீதிபதி ஆர். பி. மேத்தா முன்னிலையில் ஒன்பது பேர் அமர்ந்து கேட்டு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் "குற்றவாளி அல்லர்" என்றனர். வெளியே ஆரவாரம். நீதிபதி மட்டும் அந்த முடிவை ஏற்கவில்லை. நியாயபுத்தியுள்ள எவரும் இச்சாட்சியத்தின் மீது இம்முடிவுக்கு வர இயலாது என்று கருதி, அன்றைய சட்டம் தமக்கு அளித்திருந்த அதிகாரத்தைக் கொண்டு வழக்கை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். ஊரே ஒரு பக்கம் நிற்கையில் மாவட்ட அளவிலான ஒரு நீதிபதி தனித்து நின்று எடுத்த முடிவு அது. அவர் பெயரைப் படம் எடுத்தவர்களும் கதை எழுதியவர்களும் அதிகம் பேசுவதில்லை.

உயர்நீதிமன்றத்தில் ஷெலட், நாயக் ஆகிய இரு நீதிபதிகளும் சாட்சியத்தை முதலிலிருந்து படித்தார்கள். 1960 மார்ச் 11-ஆம் தேதி நானாவதி கொலைக்குற்றவாளி என்று தீர்ந்து, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஜூரிகளின் பிழைக்குப் பத்திரிகையே முழுக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஜூரிகளுக்குச் சட்டத்தை விளக்கிய உரையிலேயே குறைகள் இருந்தன என்று உயர்நீதிமன்றம் கண்டது. தற்செயலாக வெடித்தது என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. வேறு சில விடுபாடுகளும் உண்டு. விளக்கம் தெளிவாக இல்லாதபோது மனிதர் மனம் எதைப் பற்றிக்கொள்ளும்? வாரக்கணக்கில் காதில் விழுந்த கதையைத்தான். அந்த ஒன்பது பேரும் இதே ஊரில் மூச்சு விட்டவர்கள்தாமே!

கதை அத்துடன் முடிந்ததா? இல்லை. தண்டனை விதித்த அதே நாளில் ஆளுநரிடமிருந்து ஓர் உத்தரவு பிறந்தது. உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு முடியும் வரை தண்டனையை நிறுத்திவைப்பதாகவும், நானாவதி சிறைக்குச் செல்ல வேண்டாம், கடற்படைக் காவலிலேயே இருக்கலாம் என்றும் அது கூறியது. அந்த ஆளுநர் ஸ்ரீ பிரகாசா. 1952 முதல் 1956 வரை சென்னையில் ஆளுநராக இருந்தவர். 1952-இல் ராஜாஜியை மந்திரிசபை அமைக்க அழைத்தவர். எனவே தமிழர்களுக்குப் புதியவரல்லர். கண்ணியமான பெரியவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஆயுள் தண்டனை பெற்ற ஒரு கூலித் தொழிலாளிக்கு அன்றே இத்தகைய உத்தரவு பிறந்திருக்குமா? நாட்டில் பெருங்கேள்வி எழுந்தது. 1960 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், வழக்கு தம் முன்னிலையில் இருக்கும்போது ஆளுநர் அவ்வாறு குறுக்கிட இயலாது என்று தீர்த்தனர். நானாவதி சிறை புகுந்தார்.

1961 நவம்பர் 24-ஆம் தேதி மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. சுப்பாராவ். சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, சென்னை உயர்நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்தவர். அந்த மூன்று மணி நேரத்தை அவர் ஒவ்வொரு படியாக எடுத்துக் கணக்கிட்டதைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதில் 'பிளிட்ஸ்' தீட்டிய வீரனும் இல்லை, பெண்பித்தனும் இல்லை. மணி, இடம், செயல் இவை மட்டுமே உள்ளன.

பின்னர் 1964-இல் மகாராஷ்டிர ஆளுநர் திருமதி விஜயலட்சுமி பண்டிட் நானாவதிக்கு மன்னிப்பு வழங்கினார். இறக்குமதி உரிமம் தொடர்பான வழக்கில் தண்டனை பெற்ற பாய் பிரதாப் என்னும் சிந்திப் பிரமுகருக்கும் அச்சமயத்திலேயே மன்னிப்புக் கிட்டியது. இரு சமூகத்தாரும் சமாதானமடையத்தான் இப்படி ஏற்பாடாயிற்று என்பது பரவலான கருத்து. நானாவதி குடும்பத்தோடு கனடா சென்று குடியேறி, 2003-இல் காலமானார்.

இந்த மன்னிப்பைப் பற்றி வாசகர்களுள் கருத்து வேறுபாடு இருக்கும். நாம் அதைக் குறை கூறப் போவதில்லை. கருணை என்பது அரசியலமைப்பு ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அளித்துள்ள அதிகாரம். "இவருக்கு இரங்குங்கள்" என்று பொதுமக்கள் மனு எழுதுவதற்கு ஏற்ற வாசல் அது. மன்றம் தன் வேலையை முடித்த பிறகு அந்த வாசலில் நின்று எவ்வளவு உரக்கக் கூவினாலும் கேடில்லை. 1964-இல் வந்த கருணை தனக்குரிய இடத்தில் வந்தது. 1960-இல் வந்ததோ நீதிபதிகளின் மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்தது. இரண்டையும் ஒன்றென எண்ணுவதற்கில்லை.

ஊரார் அன்பு எப்போதும் ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் 'இந்து நேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைதான பின்பும் கூட்டம் குறையாமல் ஓடியது. அப்படிப்பட்ட அன்பு! அங்கும் ஜூரிகள் ஒன்பது பேர். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவ்விருவரும் குற்றவாளிகள் என்றார்கள். 1945-இல் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மேல்முறையீட்டை மீண்டும் கேட்கும்படி திரும்பி வந்தது. சாட்சியத்தைப் புதிதாக ஆராய்ந்த நீதிபதிகள், அதை நம்புவதற்கில்லை என்று 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தனர். ரசிகர்களின் கண்ணீர் திறக்காத சிறைக்கதவைச் சாட்சியத்தின் மறுபரிசீலனை திறந்தது. ஆனால் இரண்டாண்டுக்கு மேல் சிறையில் கழிந்த காலமும் பாகவதரின் பழைய சிறப்பும் திரும்பி வரவில்லை. பம்பாயில் நானாவதியின் விசாரணை நடந்த அதே 1959-இல், நவம்பர் முதல் தேதி, அவர் மறைந்தார்.

ஜூரி முறையை நீக்கிவிடலாம் என்று சட்டக் கமிஷன் 1958-லேயே கூறிவிட்டது. நானாவதி வழக்கே கடைசி ஜூரி வழக்கு என்று பலர் எழுதுவது சரியன்று. அதற்குப் பின்னும் சில இடங்களில் ஜூரிகள் இருந்தார்கள். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் அம்முறை ஒழிந்தது. இப்போது நீதிபதி ஒருவரே கேட்கிறார்; காரணம் எழுதித் தீர்க்கிறார். ஆகவே தெருவின் இரைச்சல் இனி உள்ளே புகாது என்று நினைக்கலாமா? நீதிபதி வீட்டிலும் தொலைக்காட்சி உண்டு. அதைவிட முக்கியம், சாட்சிகள் வீட்டிலும் உண்டு. தாம் கண்டதையும், பின்னர் இருபது முறை திரையில் பார்த்ததையும் பிரித்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

இதைப் பற்றிய சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உள்ளது. 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, குற்றப்பத்திரிகை தாக்கலானது முதலோ, நீதிமன்றம் சம்மன் அல்லது வாரண்டு பிறப்பித்தது முதலோதான் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதாகக் கொள்ளப்படும். ஒருவர் கைதான நாளுக்கும் குற்றப்பத்திரிகை வரும் நாளுக்கும் இடையில் வாரங்கள், மாதங்கள் கழிகின்றன. அந்த இடைவெளியில்தான் எல்லா ஆரவாரமும் நடக்கிறது! கைதான நாளிலிருந்தே பாதுகாப்பு வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2006-இல் தன் 200-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஹிந்தித் திரைப்பட நடிகர் ஒருவர் 2020-இல் இந்நகரில் இறந்தபோது தொலைக்காட்சிகள் நடத்திய விசாரணையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதையொட்டித் தொடரப்பட்ட வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. விசாரணை நடக்கையில் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லது பாதிக்கப்பட்டவரின் குணத்தைத் தூற்றுதல், சாட்சிகளைப் பேட்டி காணுதல், போலீஸாரிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தை உண்மைபோல் வெளியிடுதல், சம்பவத்தை நடித்துக் காட்டுதல் ஆகியவை தகா என்று அது பட்டியலிட்டது. படிக்கும்போது, அகூஜாவைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை நினைவுக்கு வந்தன. போலீஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது பழைய சட்டத்திலும் உண்டு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் உண்டு. "அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்" என்று கைப்பேசியில் வரும் செய்தியை மற்றவருக்குத் தள்ளிவிடுமுன் இதை நினைத்துக்கொள்வது நலம்.

நிற்க. பொதுமக்கள் வாய் மூடியிருக்க வேண்டும் என்பதா நம் கொள்கை? ஒருபோதும் அன்று. டில்லியில் 1999-இல் ஜெசிக்கா லால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்துவிட்டனர். குற்றம் சாட்டப்பட்டவர் செல்வாக்குள்ள அரசியல்வாதியின் மகன். மக்கள் மெழுகுவத்தி ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வந்திராவிட்டால் மேல்முறையீடு அவ்வளவு விரைவாக நடந்திருக்குமா என்பது ஐயமே. அவ்வாண்டு டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை அளித்தது. 2010-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவ்வாறு உறுதி செய்த தீர்ப்பிலேயே, பத்திரிகைகள் தாமே விசாரணை நடத்துவதன் தீங்கையும் அது சுட்டிக்காட்டத் தவறவில்லை. வழக்கை எடுங்கள், சாட்சிகளைக் காப்பாற்றுங்கள், தாமதிக்காதீர்கள் என்று கேட்பது குடிமக்களின் உரிமை. இன்னாரைத் தண்டியுங்கள் என்பது அதற்கு அடுத்த படி. அந்தப் படியில் காலை வைத்தால் எங்கே கொண்டுபோய் விடும்?

ஹைதராபாத்துக்குக் கொண்டுபோய் விடும். 2019-இல் அங்கே ஓர் இளம்பெண் பாழ்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். கேட்டவர் நெஞ்சம் பதறியது, நம் நெஞ்சமும்தான். பிடிபட்ட நால்வரும் டிசம்பர் 6-ஆம் தேதி விடியற்காலையில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் போலீஸார்மேல் மலர் தூவினர். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் அளித்த அறிக்கை, அவர்கள் கொல்லும் நோக்கத்தோடே சுடப்பட்டார்கள் என்றும், அவர்களுள் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் கண்டது. அவர்கள்தாம் குற்றம் புரிந்தவர்களா என்பதை எந்த நீதிமன்றமும் இனித் தீர்க்க முடியாது. மலர் தூவியவர்கள் அந்தப் பெண்ணின் பெற்றோருக்கும் அந்த விடையைக் கிடைக்கவொட்டாமல் செய்தார்கள்.

ஊர்ச்சூழல் ஒரு வழக்குக்கு ஒவ்வாததாகிவிட்டால், வழக்கை வேற்றிடத்துக்கு மாற்றும் வழி சட்டத்தில் உண்டு. வடோதராவில் 2002-இல் பதினால்வர் மாண்ட பெஸ்ட் பேக்கரி வழக்கு அப்படித்தான் இங்கே வந்தது. அங்கே 21 பேரும் விடுதலையானார்கள். சாட்சிகள் அஞ்சிப் பின்வாங்கினர். மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணை நடத்த உச்சநீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. 2006-இல் மும்பை நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை அளித்தது. 2012-இல் உயர்நீதிமன்றம் அவர்களுள் நால்வரின் தண்டனையை உறுதி செய்து, ஐவரை விடுவித்தது. கும்பல் செய்த குற்றத்திலும் ஒவ்வொருவரையும் தனித்தனியே பிரித்துப் பார்த்துச் செய்த காரியம் இது. காஞ்சி சங்கரராமன் கொலை வழக்கு 2005-இல் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றப்பட்டு, 2013-இல் அனைவரும் விடுதலையானதையும் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். கைதான நாட்களில் இருதரப்பிலும் என்னென்ன எழுதப்பட்டன என்பதையும் அறிவார்கள்.

இனி நம் குடும்பங்களைப் பற்றிச் சிறிது. இந்நகரில் நமக்குக் கூட்டம் கிடையாது. தாராவியிலும் செம்பூரிலும் நாம் திரளாக இருக்கலாம். ஆனால் நகரம் முழுவதும் கொந்தளிக்கும்போது நாம் சிலரே. 1960-களின் பிற்பகுதியில் 'மதராஸி' என்ற ஒரு சொல்லே குற்றப்பத்திரிகையாக இருந்த காலத்தைக் கண்ட பெரியவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். அன்று கடையை மூடிக்கொண்டு உள்ளே இருந்தவர்களுக்குத் தெருவின் தீர்ப்பு எப்படிப்பட்டதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானாவதிக்குச் சமூகம் இருந்தது, கடற்படை இருந்தது, பத்திரிகை இருந்தது. அகூஜாவுக்கு ஒரு சகோதரி. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் கூண்டில் நின்றாலும், நம் வீட்டுப் பெண் ஒருத்தி கொடுமைக்கு ஆளானாலும், நம் நிலை பெரும்பாலும் அகூஜாவின் நிலையாகவே இருக்கும். அப்போது நமக்குத் துணை, இரைச்சலுக்குச் செவி கொடாமல் சாட்சியத்தைப் படிக்கும் ஒரு நீதிபதிதான். இன்று வேறொருவருக்கு எதிராக அவர்மேல் நாம் அழுத்தம் கொடுத்துவிட்டு, நாளை நமக்காக மட்டும் அவர் அசையாதிருக்க வேண்டும் என்று கேட்க என்ன முகத்தோடு போவோம்?

எனவே தீர்மானம் கேட்டு எழுதிய அன்பர்களுக்கு நம் விடை இதுதான்: தீர்மானம் வேண்டாம், வேறு வேலை இருக்கிறது. காவலில் உள்ள எவருக்கும் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றியே உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இதை உறுதி செய்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம். சாட்சியம் தனக்குப் புரியாத மொழியில் அளிக்கப்பட்டால், அதைப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லும்படி கேட்கும் உரிமையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. நம்மவர்களுள் பலர் மராத்தியில் நடப்பதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு வெளியே வந்து, "என்ன சொன்னார்கள்?" என்று பிறரைக் கேட்கிறார்கள். வழக்கறிஞரிடம் தன் கட்சியை முழுமையாகச் சொல்லவும் மொழி வாய்ப்பதில்லை. குற்றம் செய்தவனாயினும் செய்யாதவனாயினும், தன்மேல் சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ள அவனுக்குப் பாத்தியதை உண்டல்லவா? பாதிக்கப்பட்ட குடும்பத்தாருக்கும் இதே இடர்ப்பாடுதான். புகார் எழுதுவது முதலே தொடங்கிவிடுகிறது.

தமிழோடு மராத்தியும் ஹிந்தியும் நன்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மாதம் ஓரிரு நாள் ஒழிக்க இயலுமானால், தங்கள் பெயரைச் சங்க அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளும்படி வேண்டுகிறோம். போலீஸ் நிலையத்துக்கோ வழக்கறிஞரிடமோ துணைக்குச் சென்று மொழிபெயர்த்துச் சொல்வதே வேலை. வழக்கின் நியாய அநியாயத்தைப் பற்றி அபிப்பிராயம் கூற வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்களும் சட்டம் பயிலும் மாணவ மாணவியரும் முன்வந்தால் மிகவும் நன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருபவர்களுக்குச் செயலாளர் விண்ணப்பப் படிவம் தருவார்.